எண் பொருந்தாத துப்பாக்கி

மேஜையில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. இரண்டுமே கே98கே, ஜெர்மன் மவுசர். இரண்டாம் உலகப் போரில் சாதாரண ஜெர்மன் காலாள் தோளில் தொங்கிய அதே ரைஃபிள். ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு.

விலை கூடியதைப் பார்த்தால் நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. மரத்தில் கீறல் இல்லை, இரும்பில் கருநீலம் போகவில்லை. விலை குறைந்ததன் மரம் செந்நிற ஷெல்லாக் பூச்சில் பளபளத்தது. உலோகப் பாகங்களில் யாரோ மின்பேனாவால் அவசரமாகக் கிறுக்கிய எண்கள். ஒரு பக்கம் 'X' என்று முத்திரை. கழுகுச் சின்னத்தை யாரோ உளியால் தட்டிச் சிதைத்திருந்தார்கள்.

இடம், அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு புறநகர் வீட்டின் பேஸ்மென்ட். வீட்டுக்காரர் அப்போது எனக்கு டீம் லீட். நான் ஆன்சைட் போயிருந்த காலம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் முடிந்தால் அவர் பேச்சு துப்பாக்கிக்குத் தாவிவிடும். ஒருநாள் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார். "கையில் எடுத்துப் பார்" என்றார். விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே சட்டச் சிக்கல், வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விலக்கு இருந்தால் ஒழிய. அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்துக்கு வந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றேன்.

ஏன் இந்த விலை வித்தியாசம் என்று கேட்டேன். விலை கூடியதைக் காட்டி அவர் சொன்னார்: "மேட்சிங் நம்பர்ஸ். எல்லாம் ஒரிஜினல். இதுதான் வரலாறு."

அந்தப் பதிலோடு எனக்கு இன்னமும் சண்டை தீரவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைதான்.

*

முதலில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கே98கே மாதிரியான துப்பாக்கியில் ஒரு தொடர் எண் இருக்கும். அது உடற்பகுதியில் மட்டும் இல்லை. குழல், போல்ட், அடித்தகடு, மரத்தைப் பிடித்திருக்கும் வளையங்கள் என்று பாகம் பாகமாக அதே எண்ணோ அதன் கடைசி இரண்டு இலக்கமோ அடித்திருப்பார்கள். சில துப்பாக்கிகளில் திருகாணியில்கூட இருக்கும். எல்லா எண்ணும் பொருந்தினால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குத்தான் காசு. பொருந்தாவிட்டால் அதற்கு 'மிக்ஸ்மாஸ்டர்' என்று பட்டப்பெயர். நம்ம ஊர் மொழியில் சொன்னால், கதம்பம்.

மேஜையில் இருந்த அந்தக் கதம்பத்தின் கதை இது. போரில் சோவியத் படைகள் கைப்பற்றிய ஜெர்மன் துப்பாக்கிகள் ஏராளம். போர் முடிந்ததும் சோவியத் பட்டறைகள் அவற்றைக் கழற்றின. போல்ட் ஒரு குவியல், மரம் ஒரு குவியல். எந்த எண் எந்த எண்ணோடு என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. சுத்தம் செய்து, கருப்பேற்றி, கைக்கு வந்த பாகத்தைப் பூட்டி, ஷெல்லாக் அடித்து, உடற்பகுதியின் எண்ணையே மற்ற பாகங்களிலும் மின்பேனாவால் எழுதிக் கிடங்கில் போட்டார்கள். அடுத்த போருக்கு உதவும் என்று வைத்த சேமிப்பு. அது உதவவும் செய்தது. இப்படிப்பட்ட பழைய ஜெர்மன் மவுசர்கள் வியட்நாம்வரைக்கும் போயின. அங்கே அவற்றைப் பிடித்த அமெரிக்கச் சிப்பாய்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் மென்பொருள்காரன். என் கண்ணுக்கு அந்தக் கிறுக்கல் எண், உளியால் தட்டிய கழுகு, 'X' முத்திரை எல்லாம் ஒரு லாக் ஃபைலின் வரிகள். யார் செய்தார்கள், யார் பிடுங்கினார்கள், யார் வெறுத்தார்கள், யார் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்று வரிசையாகப் பதிந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் புத்தம்புதுத் துப்பாக்கியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'தொழிற்சாலையிலிருந்து கிளம்பியது'. சந்தை இந்த ஒற்றை வரிக்கு மூன்று மடங்கு கொடுத்துவிட்டு, அதன் பெயர் வரலாறு என்கிறது.

*

இதற்குச் சேகரிப்பாளர்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. விலை என்பது அபூர்வத்துக்கு, பொருந்தியவை குறைவு, அதனால் விலை அதிகம், இதில் தத்துவம் எதுவும் இல்லை என்பார்கள். சரி. தபால்தலைக்கும் அதே விதிதான். ஆனால் தபால்தலைக்காரர் யாரும் 'நான் கடித இலக்கியத்தைக் காப்பாற்றுகிறேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. இவர்கள் சொல்கிறார்கள். பொழுதுபோக்கை யாராவது கேள்வி கேட்டால் முதலில் வெளியே வரும் கேடயம் 'வரலாறு' என்ற சொல்தான்.

இன்னொரு பதில் கொஞ்சம் வலுவானது. பொருந்திய துப்பாக்கி எல்லாம் சண்டை பார்க்காதது என்று சொல்ல முடியாது. 1945இல் ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஜெர்மனியில் எடுத்து, மூட்டையில் திணித்து, மேலதிகாரியின் அனுமதிச் சீட்டோடு ஊருக்குக் கொண்டுவந்ததும் பொருந்தியதாகவே இருக்கும். ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சீட்டோடு இருக்கும் துப்பாக்கி நிஜமாகவே ஓர் ஆவணம். ஆனால் அங்கேயும் இவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே.

அந்தப் பழமொழிக்கு நியாயம் உண்டு. சந்தையில் பொய்க் கதை விற்பவர்கள் அதிகம். 'எங்க தாத்தா ஒரு ஜெனரலிடமிருந்து பிடுங்கியது' என்று சொல்லி நூறு டாலர் கூடப் பறிப்பார்கள். ஏமாறாமல் இருக்க அது நல்ல அறிவுரை. ஆனால் ஒரு பொழுதுபோக்கின் வேதவாக்கே 'கதையை வாங்காதே' என்று இருக்கும்போது அதை வரலாறு என்று எப்படி அழைப்பது? கதை பொய்யாக இருக்கலாம் என்றால் வரலாற்றுக்காரன் அதைச் சரிபார்ப்பான். வியாபாரி கழித்துவிட்டுப் போய்விடுவான்.

ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் பதினாறு இதழ் சாமந்திப் பூ முத்திரை இருக்கும். அது பேரரசரின் சின்னம், அந்தத் துப்பாக்கி அவருடைய சொத்து என்பதற்கு அடையாளம். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது பல்லாயிரம் துப்பாக்கிகளில் இந்தப் பூவை அரைத்து அழித்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். தோற்றுப்போன ஒரு ராணுவம், தன் அரசரின் அடையாளம் எதிரி கையில் போகக்கூடாது என்று அரம் பிடித்த இடம் அது. இன்றைய சந்தையில் பூ முழுசாக இருந்தால் விலை ஏறும், அரைபட்டிருந்தால் இறங்கும். பூ இருப்பது போர்க்களத்தில் எடுத்ததாக இருக்கலாம், அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் அரைபட்ட பூவை 'சேதாரம்' என்ற பத்தியில் எழுதுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் கேட்கிறேன். ஒரு பேரரசு முடிந்த கணம் எப்படி ஐயா சேதாரம் ஆகும்?

கே98கே இஸ்ரேலுக்கும் போனது. 1948இல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வாங்கிய ஆயுதங்களில் ஜெர்மானியர்களுக்காகச் செய்த மவுசர்களும் இருந்தன. நாஜி ராணுவ முத்திரை இருந்த அதே இரும்பில் பிறகு இஸ்ரேலிய முத்திரையும் விழுந்தது. 1950களில் குழலை மாற்றி நேட்டோவின் 7.62 தோட்டாவுக்கு ஏற்றபடி ஆக்கினார்கள். வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த இரட்டை முத்திரையைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டு பற்றி இவ்வளவு சொல்லும் பொருள் வேறு எத்தனை இருக்கும்? ஆனால் அதில் குழல் அசல் இல்லை.

அமெரிக்கச் சட்டமும் இதே மனநிலையில்தான் இருக்கிறது. ஐம்பது வருடம் கடந்த துப்பாக்கியை 'அரும்பொருள், நினைவுப்பொருள்' என்று ஒரு தனி வகையில் சேர்க்கிறார்கள். சேகரிப்பாளருக்கென்று தனி லைசென்ஸே உண்டு. ஆனால் துப்பாக்கி அசல் நிலையில் இருக்க வேண்டும். போர் முடிந்தபின் ஒரு விவசாயி மலிவாக வாங்கி, மரத்தைக் குட்டையாக வெட்டி மான் வேட்டைக்கு எடுத்துப்போனால் அது அரும்பொருள் இல்லை. அப்படி வெட்டியவனுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பப்பா', அதாவது பட்டிக்காட்டான். கொலைக்கருவி ஒன்று ஒரு குடும்பத்துக்குக் கறி கொண்டுவந்த முப்பது வருடம், கணக்கில் கெடுதல் என்று ஏறுகிறது.

*

'போலி' என்ற சொல்லையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் ஊர். பிரிட்டிஷ் மார்ட்டினி-ஹென்றியையும் லீ-என்ஃபீல்டையும் பார்த்து, அரம், துளைக்கருவி, பொறுமை ஆகியவற்றை வைத்துக்கொண்டு அச்சாகச் செய்தார்கள். முத்திரையையும் சேர்த்துச் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத கைகள் அடித்த முத்திரை என்பதால் எழுத்து தலைகீழாக நிற்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901இல். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு, அதற்குப் பல வருடம் பிந்திய தேதி போட்ட துப்பாக்கியும் உண்டு. 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தான் போன அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றைக் கடைவீதியில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 'கைபர் பாஸ் காப்பி' என்று அழைத்து, சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பு எனக்கும் வந்தது. பிறகு யோசித்தால் அதில் எது போலி? அது சுடும். அதை வைத்து மனிதர்கள் சண்டை போட்டார்கள். உலகின் மிகப் பெரிய பேரரசு தன் தொழிற்சாலையில் செய்ததை, சாணைக்கல்லும் கையுமாக உட்கார்ந்து ஒரு கொல்லன் திருப்பிச் செய்து அந்தப் பேரரசையே சுட்டிருக்கிறான். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் வேலை. என் தொழிலில் ஒருவன் இதைச் செய்திருந்தால் மாநாட்டில் மேடை கொடுத்திருப்பார்கள்.

*

இந்த மனிதர்களை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. அவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சுவிட்சர்லாந்தின் கே31 துப்பாக்கி. அங்கே குடிமக்களே படை, துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கியின் பின்கட்டையில் இருக்கும் இரும்புத் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றினால், பல துப்பாக்கிகளில் உள்ளே மடித்த ஒரு சிறு சீட்டு இருக்கும். சிப்பாயின் பெயர், படைப்பிரிவு. அமெரிக்காவில் இதை வாங்கியவர்கள் அந்தப் பெயரைத் தேடிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். சிலருக்குப் பதிலும் வந்திருக்கிறது, எண்பது வயதுக் கிழவர்களிடமிருந்து.

என் டீம் லீடிடமும் ஒரு கே31 இருந்தது. சீட்டைக் காட்டும்போது அவர் குரல் மாறிவிட்டது. அது விலையைச் சொல்லும்போது இருந்த குரல் இல்லை. அப்போது எனக்குப் புரிந்தது, இவர்களுக்கும் கதை வேண்டும், கேட்கத் தெரியாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சீட்டிலும் ஒரு முள் இருக்கிறது. சுவிட்சர்லாந்து இரண்டு உலகப் போரிலும் நடுநிலை நாடு. பெயர் தெரிந்த ஒரே துப்பாக்கி, யாரையும் சுடப் போகாத துப்பாக்கி! போருக்குப் போனவற்றில் பெயர் இல்லை. மோசின்-நாகன்ட் மொத்தத்தில் மூன்றரைக் கோடிக்கும் மேல் செய்ததாகச் சொல்கிறார்கள். சோவியத் கிடங்குகளில் கிரீஸ் முக்கி அடுக்கி வைத்தவை பின்னாளில் அமெரிக்காவுக்குப் பெட்டி பெட்டியாக வந்தன. பத்துப் பதினைந்து வருடம் முன்புவரை நூறு டாலருக்குக் குறைவாகவே ஒன்று கிடைத்தது. அந்தக் கிரீஸை வெந்நீரில் கழுவுவது எப்படி என்று அவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அதைக் கடைசியாக வைத்திருந்தவன் ஸ்டாலின்கிராடில் விழுந்தானா, வீடு திரும்பினானா என்று பேச்சு வராது. பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது.

சுட்டவன் கதையே இப்படி என்றால், சுடப்பட்டவன் கதைக்கு எங்கே போவது? 1963இல் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் ஓர் இத்தாலிய ராணுவ உபரித் துப்பாக்கி போனது. 1940இல் தெர்னியில் செய்த கார்கானோ, டெலஸ்கோப்போடு சேர்த்து 19.95 டாலர். அதே வருடம் நவம்பரில் டல்லாஸில் கென்னடியைச் சுட்டது அதுதான். அதன் தொடர் எண் சி2766. உலகத்தில் செத்தவர் யார் என்று தெரிந்த ராணுவ உபரித் துப்பாக்கிகள் மிகச் சில. இது இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்ற கோடிக்கணக்கானவை சுவரில் தொங்குகின்றன, சுடப்பட்டவர்களுக்கு ஆவணக் காப்பகம் இல்லாததால்.

*

இனி என் சொந்த வழக்கு.

அதே பேஸ்மென்டின் மூலையில், மற்றவற்றிலிருந்து தள்ளி, ஒரு லீ-என்ஃபீல்ட் சாய்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த த்ரீ நாட் த்ரீ மாதிரியேதான். கிட்டே போனால் தோட்டா அடுக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. இஷாப்பூர், .410, ஒற்றைத் தோட்டா, எண்கள் பொருந்தவில்லை, குழல் சுமார். விலை, அந்த அறையிலேயே மிகக் குறைவு. "இது சும்மா, பக்கத்து வீட்டு அணிலைச் சுடக்கூட ஆகாது" என்று சிரித்தார்.

இஷாப்பூர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை. இந்த .410 எதற்காக வந்தது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு நிற்கும்.

1857க்குப் போவோம். அப்போது வந்த என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்க் கலகத்தின் தீப்பொறி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கலகம் அடங்கியபின் நடந்ததைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே என்ஃபீல்டில் வேறொரு ரகம் செய்தார்கள். குழலின் உள்ளே சுழன்று போகும் வரிப்பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றித் தூரத்துக்கு நேராக அனுப்பும். அவற்றைக் கடைந்து எடுத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். குறிபார்க்கும் ஏற்ற இறக்க அமைப்பும் இல்லை. 1858 ரகம் அப்படி வந்தது. கடைந்ததில் குழல் மெலிந்துவிட்டது என்று 1859இல் தடித்த குழலோடு வேறொன்று. வெளியே பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாயிடம் இருப்பதே உன்னிடமும் இருக்கிறது. உள்ளே இல்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்தியப் படைக்கு ஒரு தலைமுறை பிந்திய துப்பாக்கிதான். பிரிட்டிஷ்காரன் கைக்கு மார்ட்டினி வந்தால் இவனுக்கு ஸ்னைடர். அவனுக்கு லீ-மெட்ஃபோர்ட் வந்தால் இவனுக்கு மார்ட்டினி.

.410 அந்த மரபின் கடைசிக் குழந்தை. த்ரீ நாட் த்ரீ ரைஃபிளை எடுத்து, வரிப்பள்ளத்தைக் கடைந்து, அடுக்கை மரக்கட்டையால் அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி செய்தார்கள். ராணுவத்தின் .303 தோட்டாவுக்காகச் செய்ததில்லை இது. சிறைக் காவலர்களுக்கும் போலீஸுக்கும் கொடுத்தார்கள். கூட்டம் இதைப் பிடுங்கிக்கொண்டாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டுக் குறிபார்த்துச் சுட முடியாது. துப்பாக்கியை யார் கையில் கொடுக்கிறோமோ அவனையும் நம்பவில்லை, யாரை நோக்கிப் பிடிக்கச் சொல்கிறோமோ அவனையும் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையை இரும்பில் செய்தால் அந்த மரக்கட்டை வரும். எந்த நாட்டுப் போருக்காகவும் செய்ததில்லை அது. சொந்த ஊர்த் தெருவுக்காகச் செய்தது. வெள்ளைக்காரன் போனபின்னும் அது போகவில்லை. சுதந்திர இந்தியப் போலீஸின் தோளிலும் பல காலம் தொங்கியது.

என் தாத்தா போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்தவர். சின்ன வயதில் அவர் "நான் மஸ்கட் புடிச்சவன்டா" என்று சொல்லும்போது, மஸ்கட்டில் வேலை பார்த்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். "அப்புறம் ஏன் தாத்தா நம்ம வீடு இன்னும் ஓடு?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். அவர் சொன்ன மஸ்கட் இதுதான் என்பது அந்த பேஸ்மென்டில் அட்டையைப் படிக்கும்போது உறைத்தது.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அவரை பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, மாணவர்கள் செத்தார்கள். அவர் சுட்டாரா, வானத்தைப் பார்த்துச் சுட்டாரா, சுடவே இல்லையா? வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "மழைல நனைஞ்சா துரு புடிக்கும், பட்டு ஒடைஞ்சா சம்பளத்துல புடிப்பான், அதான் கவலை." அவர் மகன், என் பெரியப்பா, அப்போது சின்னப் பையன். பின்னால் அவர் கல்லூரிக்குப் போனதும் சேர்ந்தது அந்தப் போராட்டத்தால் ஆட்சிக்கு வந்த கட்சியில். ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் பேசாமல் பேப்பர் படித்த வருடங்கள் எனக்கே நினைவிருக்கின்றன.

இத்தனையும் இருந்த ஒரு பொருள்தான் அந்த அறையிலேயே விலை குறைந்தது. அமெரிக்காவில் பலர் இதை வாங்கி, அங்கே கடையில் விற்கும் .410 தோட்டாவுக்கு ஏற்றபடி அறையைக் கடைந்து, மலிவான வேட்டைத் துப்பாக்கியாக வைத்திருக்கிறார்கள்.

*

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் இப்போது என் பக்கம் நின்று தலையாட்டுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் சண்டை இருக்கிறது.

இதை எழுதப்போகிறேன் என்றதும் இலக்கிய நண்பன் ஒருவன் போனில் சொன்னான்: "மச்சி, கொல்ற சாமானுக்கு என்னடா வரலாறு? எல்லாத்தையும் உருக்கிக் கடப்பாறை பண்ணணும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரம் பிடித்து சாமந்திப் பூவை அரைத்தவன் செய்ததும் அதேதான், சாட்சியை அழிப்பது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. பழசு போகட்டும், நல்லதுதான். ஆனால் நம் ஊர்களில் கடந்த நூறு வருடத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் எந்தத் துப்பாக்கி, எந்தத் தொகுதி, எந்த ஸ்டேஷன் என்ற பதிவேடுகளும் கூடவே உருகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? 'வன்முறை வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது சுலபம். அந்த முகம் திரும்பிய நேரத்தில்தான் எல்லாம் காணாமல் போகிறது.

அதோடு, சுத்தமான அசலின் மேல் இருக்கும் இந்த மோகம் அமெரிக்கனுக்கு மட்டும் உரியதா? காரைக்குடியில் பழம்பொருள் கடையில் நின்றிருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரங்கள் மலைபோலக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். யாரோ ஓர் ஆச்சியின் தலைப்பெழுத்து, ஊர், சீர் வந்த வருடம். என் கண்ணெதிரே சென்னையிலிருந்து வந்த ஒருவர், அலுவலக வரவேற்பறைக்கு என்று ஓர் அண்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பேரை பஃப் போட்டு எடுத்துத் தர முடியுமா?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேண்டியது 'பழமை'. அந்த ஆச்சி வேண்டாம். மேட்சிங் நம்பர் கேட்கும் அமெரிக்கருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? முதல் பதிப்பு நாவலை, உள்ளே யாரோ பேனாவால் குறிப்பு எழுதியிருக்கிறான் என்பதற்காக விலை குறைத்துக் கேட்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. சேகரிக்கிறவர் சேகரிக்கட்டும். சட்டம் அனுமதித்தால், பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்கட்டும். ஆனால் 'வரலாறு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். அந்த அட்டையில் விலையோடும் எண்ணோடும் இன்னும் மூன்று வரி எழுத வேண்டும்: இது யாருக்காகச் செய்யப்பட்டது, யார் கையில் கொடுக்கப்பட்டது, யாரை நோக்கிப் பிடிக்கப்பட்டது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம், அதுவும் ஒரு பதிவுதான். பொருந்தாத எண்ணைச் சேதாரப் பத்தியிலிருந்து எடுத்து முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.

இதை அன்றைக்கே கொஞ்சம் தடுமாற்றத்தோடு அவரிடம் சொன்னேன். 1857, மரக்கட்டை, தாத்தா, 1965 எல்லாம் சேர்த்து, சுமார் இருபது நிமிடம். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் அந்த அட்டையைக் கழற்றித் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, ஒரு பேனாவை என் கையில் கொடுத்தார். "நீயே எழுது." எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கேட்டார்: "உன் தாத்தாவின் துப்பாக்கி எண் தெரியுமா? ஒருவேளை எங்காவது வந்தால் தேடலாம்."

போலீஸில் அதற்குப் பட் நம்பர் என்று பெயர். பின்கட்டையில் பெயின்ட்டால் எழுதியிருக்கும். தாத்தாவுக்கு அது கடைசிவரை மனப்பாடம். ரிட்டையராகி முப்பது வருடம் கழித்தும், மறதி நோய் வந்து எங்கள் பெயரையெல்லாம் மாற்றி மாற்றிக் கூப்பிட்ட காலத்திலும், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வார், ரோல்காலில் சொல்வது மாதிரி. நாங்கள் சிரிப்போம். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார் தாத்தா என்று கேலி செய்திருக்கிறேன்.

ஒருநாளும் அதை எழுதி வைக்கத் தோன்றவில்லை. "தெரியாது" என்றேன்.